சுவரோரம் விறகு

வந்திறங்கிய அன்றே அவளுக்குக் கம்பளியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, தலையில் கம்பளிக் குல்லா, காலில் தடித்த சாக்ஸ் என்று பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஏறின ஊரில் அத்தனையும் தேவையாகத்தான் இருந்தது. இரவெல்லாம் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கிய பஸ்ஸில் அவள் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வெயில் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. மூட்டைகளை இறக்குவதா, ஸ்வெட்டரைக் கழற்றுவதா? பஸ் எங்கே நிற்கிறது? மூட்டைதான் முதலில் இறங்கியது.

பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். அவர் மனைவி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம், அந்தக்காவுக்குக் குளிர் ஜுரம் போலிருக்கு" என்றாள். அடுத்த நாளிலிருந்து தெருவே கம்பளியக்கா என்றது. குல்லாவைக் கழற்றியாகிவிட்டது, ஸ்வெட்டர் பெட்டிக்கடியில் போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை.

அவள் புருஷனை மாஸ்டர் என்றார்கள். ரொட்டி மாஸ்டர். குளிர் ஊரில் சின்ன வயசிலிருந்து விறகு அடுப்பில் ரொட்டி சுட்டவர். மாவுத் தூசியும் பனியுமாகச் சேர்ந்து அவர் நெஞ்சைத் தின்றுவிட்டன. கடைசி இரண்டு குளிர்காலமும் அவர் படுத்துத் தூங்கவே இல்லை. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடி விடிய விடிய இழுத்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து கடைவரைக்கும் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் போவார். "இனிமே மாவைத் தொடக் கூடாது. இந்தக் குளிர்லயும் இருக்கக் கூடாது. இன்னொரு குளிர்காலத்தை இவர் தாங்க மாட்டார்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது அவருக்கு எளிது. மாவையும் குளிரையும் எடுத்துவிட்டால் அவர்கள் வாழ்க்கையில் மிச்சம் என்ன இருந்தது?

மாவு விற்கிற வியாபாரி ஒருவர்தான் இந்த ஊரைச் சொன்னார். பழைய பேக்கரி ஒன்று பூட்டிக் கிடக்கிறது, விறகு அடுப்பு நன்றாகவே இருக்கிறது, வாடகைக்குக் கிடைக்கும் என்றார். பிள்ளைகுட்டி இல்லை. யாரைக் கேட்க வேண்டும்? ரொட்டி அடுப்போடு சேர்ந்த சொந்த வீட்டை அவள் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பிசைவதும் சுடுவதும் இனி அவள். விற்பது அவர்.

வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதைதான். அங்கே சாயங்காலம் பிசைந்த மாவைக் கனமான துணியால் போர்த்தி அடுப்பை ஒட்டி வைத்தால், விடியற்காலையில்தான் அது மனம் வந்து உப்பும். இங்கேயும் முதல் நாள் அதே கணக்கில் ஈஸ்ட் போட்டாள், அதே துணியைப் போர்த்தினாள். எழுந்து வந்து பார்த்தால் மாவு தொட்டியை விட்டிறங்கி, மேஜையைத் தாண்டி, தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை எதிர்கொண்டு அழைக்க எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மாவைத் தொடக் கூடாது என்பதால் மாஸ்டர் வாசற்படியில் நின்று, "அள்ளு, அள்ளு, பக்கத்துல அள்ளு" என்று பதறிக்கொண்டிருந்தார்.

"அள்ளு அள்ளுன்னா? எறும்போட சேத்தா அள்றது?"

"மேல மட்டும் அள்ளு."

"மேலயும்தான் எறும்பு."

"அப்ப விடு."

"விட்டுட்டு இன்னைக்கு என்னத்த விக்கிறது? உங்களையா?"

பஞ்சர்காரர் மனைவிதான் வழி சொன்னாள். "ஐஸ் கட்டி போட்டுப் பிசைங்கக்கா. இதுக்கு முன்னாடி இந்தக் கடை வச்சிருந்தவரும் அப்படித்தான் பிசைவாரு." ஐஸ் போட்டுப் பிசைந்தாள். விரல்கள் மரத்துப்போயின. அந்த மரத்துப்போன கொஞ்ச நேரம்தான் அவளுக்கு நாளிலேயே பிடித்த நேரமாக இருந்தது. மாவு பதத்துக்கு வந்த பிறகும் கையை எடுக்காமல் வைத்திருப்பாள்.

மற்றபடி எதுவும் பிடிக்கவில்லை. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. அடுப்பு முன்னால் நின்றால் கால் வீங்கியது. ராத்திரி மின்விசிறி சுடுகாற்றையே சுற்றிச் சுற்றிப் போட்டது. சுவரில் பல்லி, குளியலறையில் தவளை, சர்க்கரை டப்பாவில் எறும்பு, மர அலமாரியில் கரையான், காதோரம் கொசு. குளிர் ஊரில் ஆணியடித்து மாட்டினதெல்லாம் மாட்டினபடி இருக்கும். இங்கே எதைத் தூக்கினாலும் அதற்கடியில் யாரோ குடியிருந்தார்கள். செருப்பைத் தட்டாமல் போடாதே, துணியை உதறாமல் உடுத்தாதே, விளக்கைப் போடாமல் காலை வைக்காதே. வீட்டுக்குள் நடப்பதற்கே இத்தனை விதி என்றால் மனுஷி எப்போது களைப்பாறுவது?

மாஸ்டர் பல்லியைப் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தார். "பாம்பு தின்கிற ஊருக்குப் போனா நடுத்துண்டு நமக்குன்னு இருக்கணும்" என்றார்.

"நீங்க தின்னுங்க. எனக்கு ஒரு துண்டும் வேண்டாம்" என்றாள்.

விறகு வந்தது இரண்டாவது மாதத்தில். வண்டிக்காரர் கொல்லையில் கொட்டிவிட்டுப் போனார். மாஸ்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். விறகில் மாவில்லையே, அதைத் தொடலாம் இல்லையா? கொல்லைப் பக்கம், உள்ளறையின் வெளிச்சுவரை ஒட்டி, ஜன்னல் கட்டைவரைக்கும், துண்டு துண்டாக அடுக்க ஆரம்பித்தார். கொஞ்சம் அடுக்குவார், உட்காருவார், மறுபடி அடுக்குவார். அப்படியே பல நாள் செய்தார். குளிர் ஊரில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். விறகு மழையில் நனையாது, சுவருக்குக் கதகதப்பு, எடுக்கவும் கைக்கெட்டும். சுவர் வெளியே தெரிகிற வீட்டைச் சோம்பேறி வீடு என்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் விறகைத்தான் பார்ப்பார்கள்.

பஞ்சர்காரர் மனைவி ரொட்டி வாங்க வந்தவள் கொல்லையை எட்டிப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள்.

"என்னண்ணே இது, சுவத்தோட ஒட்டி அடுக்கி வச்சிருக்கீங்க?"

"ஏம்மா, நேரா இல்லையா?"

"நேராத்தான் இருக்கு. அதுக்கில்ல. இந்த ஊர்ல விறக வீட்டுக்கு எட்டத்துல, கல்லு மேல தூக்கி வைப்போம். சுவத்தோரம் வச்சா கண்டதும் வந்து அடையும்."

"கண்டதும்னா?"

"அதான்… கண்டதும். பேர் சொல்ல மாட்டோம்."

மாஸ்டர் சிரித்தார். "முப்பது வருஷமா அடுக்குறேன். ஒரு எலி கூட வந்ததில்ல."

"அந்த ஊர்ல எலிக்கே குளிரும்ண்ணே" என்று அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் சொன்னது கம்பளியக்காவின் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அந்த மனுஷன் எத்தனையோ நாளைக்குப் பிறகு தன் கையால் ஒரு வேலையை முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து அதைத் தள்ளி நின்று பார்க்கிறார். கலைத்து வேறு இடத்தில் வையுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? தவிரவும், காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் இந்த ஊரில் தன் வீட்டைச் சேர்ந்த மாதிரி இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். அதனால் அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

அவள் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் யாராயிருந்தாலும் காறித் துப்புவார்கள். ராத்திரி அவள் விழித்துக் கிடந்து அவருடைய மூச்சைக் கேட்டாள். அங்கே கேட்டது அது நின்றுவிடக் கூடாதே என்று. இங்கே கேட்டது, கொஞ்சம் இழுக்காதா என்று. ஒரு இருமல், ஒரு விசில் சத்தம் வந்தால் போதும். இந்த ஊரும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு எதற்கு இருவரும் இங்கே கிடந்து வேக வேண்டும் என்று கேட்டுவிடலாம். அவர் இருமவில்லை. படுத்துத் தூங்கினார். குறட்டை விட்டார். பகலிலும் பெரும்பாலும் கல்லாவில் உட்கார்ந்தே இருந்ததால், நன்றாகிவிட்டாரா இல்லை அசையாததால்தான் அடங்கியிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, கட்டின புருஷனைப் பற்றி இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்று வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாலும் நினைப்பதை நிறுத்த முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் தம்பி போன் செய்தான்.

"அக்கா, வீட்டுக்கு ஆள் வந்திருக்கு. நல்ல மாதிரி ஜனங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க."

"வாடகைக்குத்தானே? குடேன்."

"அதான் விஷயமே. அவங்க பல வருஷத்துக்கு எழுதிக் கேக்குறாங்க. அடுப்பை இடிச்சிட்டு அந்த இடத்துல ஒரு ரூம் எடுத்துக்குறாங்களாம்."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"அக்கா? இருக்கியா?"

"இடிக்கிறாங்களாமா?"

"அவங்களுக்கு ரொட்டி அடுப்பு எதுக்குக்கா? நீங்க திரும்பி வர்றதா இருந்தா சொல்லிடு, நான் வேண்டாம்னுடறேன். வரலைன்னா சும்மா பூட்டி வச்சு என்ன பண்றது? போன மழையில மேல ஓடு ரெண்டு இறங்கிடுச்சு. ஆள் இல்லாத வீடு எத்தனை நாள் நிக்கும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. அவங்க வேற வீடு பாத்துடுவாங்க."

"மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

"கேளு. ஆனா உன் மனசுல என்ன இருக்குன்னும் சொல்லு. உன் குரலே சரியில்ல."

"இங்க எல்லார் குரலும் இப்படித்தான் இருக்கும். வேகுது."

மாமாவிடம் கேட்கவில்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஒவ்வொரு நாளும் ஐஸ் தண்ணீரில் கையை விட்டபடி வாசகத்தைக் கோர்த்தாள். 'ஏங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நமக்கு இந்த ஊரு வேண்டாம்.' இல்லை, நமக்கு என்றால் பொய். 'எனக்கு முடியல.' அதுதான் உண்மை. ஆனால் அவர் எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் எதிரே அந்த 'எனக்கு முடியல' எவ்வளவு சின்னதாக இருந்தது! வேர்க்குருவையும் பல்லியையும் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் மனுஷன் உயிரையா வைப்பது? ஆனாலும் வேர்க்குரு வந்தவளுக்குத்தானே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, சூப்பும் காலை ரொட்டியும் சாப்பிட்டார்கள். அவர் கடையின் பெஞ்சில் துண்டை விரித்துச் சாய்ந்தார். எழுந்ததும் தேநீர் கொடுத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு அவள் உள்ளறைக் கட்டிலில் படுத்தாள். வந்த புதிதில் பொழுது சாய்ந்தால் ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்தி, கதவிடுக்கில் துணி அடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கத்தை மட்டும் இந்த ஊர் மாற்றியிருந்தது. இப்போது ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது.

ஏதோ சரசரத்தது. பல்லி என்று நினைத்து அவள் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு தொப்பென்று தரையில் எதுவோ விழுந்தது. பல்லி அவ்வளவு கனமாக விழாதே. கண்ணைத் திறந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே பாம்பு கிடந்தது. மாவு பிசைகிற அவள் மணிக்கட்டு தடிமன். பழுப்பு நிறம். அவசரம் எதுவும் இல்லாமல், வந்த இடம் எது என்று விசாரிப்பது போலத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாலின் முனை இன்னும் ஜன்னலுக்கடியில் இருந்தது.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படைக்காவது ஓட இடம் இருக்கும். அவள் கட்டில் மேல் எழுந்து நின்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை, "ஏங்க" என்று வந்தது. அதுவும் சமையலுக்கு உப்பு எடுத்துத் தரச் சொல்கிற குரலில்.

மாஸ்டர் தூக்கக் கலக்கத்தோடு வந்து கதவில் நின்றார். அவளைப் பார்த்தார். "எதுக்குக் கட்டில் மேல…" என்று ஆரம்பித்தவர் கீழே பார்த்தார்.

"அசையாத" என்றார். "அப்படியே நில்லு. நான் வந்துடறேன். அசையவே அசையாத."

"எங்க போறீங்க? ஐயோ, என்னை விட்டுட்டு எங்க போறீங்க?"

அதற்குள் கடைக் கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவள் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பக்கத்துக் காலிமனை தெரியும். அதற்கப்பால் வளைந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகிற ரோடு தெரியும். பாம்பைப் பார்க்கப் பயந்து அவள் வெளியே பார்த்தாள். ரோட்டில் ஒரு ஆள் ஓடிக்கொண்டிருந்தான். மடித்துக் கட்டிய வேட்டி, வெறுங்கால், கொதிக்கிற தார். யார் இந்த வெயிலில் இப்படி ஓடுகிறது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

பிறகுதான் அது தன் புருஷன் என்று தெரிந்தது.

உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தாள். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், குனிவார், நெஞ்சைப் பிடிப்பார். பாம்பை மறந்து அவள் ஜன்னலையே பார்த்தாள். கம்பம் வந்தது, தாண்டினார். காலிமனையின் முனை வந்தது, தாண்டினார். வளைவில் மறைந்தார். கீழே பாம்பு கட்டில் காலைச் சுற்றி ஒரு முறை ஊர்ந்து, மூலையில் அடுக்கியிருந்த காலி மாவு மூட்டைகளின் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் வளைவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கே விழுந்து கிடந்தால்? யார் பார்ப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு நாய் கூட ரோட்டில் இல்லை.

வளைவில் மறுபடி அவர் வந்தார். ஓடியேதான் வந்தார். அவருக்குப் பின்னால், நல்ல தூரம் தள்ளி, பஞ்சர்காரர் தொந்தியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே… இருங்கண்ணே… கொஞ்சம் இருங்க" என்று பஞ்சர்காரர் கத்துவது ஜன்னல் வழியே கேட்டது. மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

மாஸ்டர் உள்ளே வந்து, "அசைஞ்சியா? கடிச்சதா? எங்க அது?" என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் முழுசாக வந்தது. நடுவில் எங்கேயும் அறுபடவில்லை.

"மூட்டைகிட்ட" என்றாள். அவள் பாம்பைக் காட்டினாலும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சர்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் கையால் சைகை காட்டி, பிறகு எட்டிப் பார்த்தார். "சாரை" என்றார். இன்னொரு மூச்சு வாங்கிக்கொண்டு, "சாரைதாண்ணே. விஷம் கிடையாது. மாவுக்கு எலி வந்திருக்கு, எலிக்கு இது வந்திருக்கு. கொல்லைக் கதவத் திறந்து விடுங்க, போயிடும். நீளமா ஏதாவது கட்டை இருக்கா?"

ரொட்டி வீட்டில் நீளக் கட்டைக்கா பஞ்சம்! அடுப்பின் ஆழத்திலிருந்து ரொட்டியை இழுக்கிற மரத்துடுப்பை மாஸ்டர் எடுத்து வந்தார். தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. இப்போது அகலமான முனையைத் தரையோடு ஒட்டி, பாம்புக்கடியில் மெல்லச் செருகி, தள்ளினார். பாம்பு நழுவியது. மறுபடி செருகினார். கருகாமல் ரொட்டியைத் திருப்புகிற அதே கை. மூன்று நான்கு தடவை தள்ளியதும், இதென்ன தொந்தரவு என்பது போல அது தானே கதவைப் பார்த்துத் திரும்பி, கொல்லை வழியாகப் போய், காலிமனைப் புல்லில் மறைந்துவிட்டது.

பஞ்சர்காரர் மனைவியும் அதற்குள் வந்துவிட்டாள். கம்பளியக்காவைக் கட்டிலிலிருந்து கை கொடுத்து இறக்கி, தண்ணீர் கொடுத்தாள். பிறகு கொல்லைக்குப் போய் ஜன்னலையும் விறகையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"பாருங்கண்ணே, பாம்புக்குப் படிக்கட்டே கட்டி வச்சிருக்கீங்க. அதுவும் சும்மாவா, நேர் பாத்து அழகா."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. முழுசா அந்த ஊர்க்காரங்களா இருந்திருந்தா ஜன்னலைச் சாத்தியிருப்பீங்க. முழுசா இந்த ஊர்க்காரங்களா இருந்திருந்தா விறகை இங்க வச்சிருக்க மாட்டீங்க. ரெண்டுங்கெட்டானா இருந்தா இப்படித்தான்."

"ஏய், சும்மா இரு. அவங்களே பயந்து போயிருக்காங்க" என்றார் பஞ்சர்காரர்.

"நான் என்ன பொய்யா சொல்றேன்? அக்கா, நான் சொன்னது தப்பா?"

"இல்லம்மா" என்றாள் கம்பளியக்கா. "சரியாத்தான் சொன்னே."

வெயில் இறங்கும்வரை நான்கு பேருமாக விறகைக் கலைத்தார்கள். கீழ் வரிசையெல்லாம் கரையான் தின்று பொடியாகியிருந்தது. இரண்டு தவளை, ஒரு எலி வளை, துடைப்பத்தால் தட்டியதும் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு தேள். கொல்லைக் கோடியில் கற்களை வைத்து, அதன் மேல் மீந்த விறகை அடுக்கினார்கள். மாஸ்டர் கை நிறையத் தூக்கிக்கொண்டு போனார், வெறுங்கையோடு வந்தார், மறுபடி தூக்கினார். நடுவில் பஞ்சர்காரர் இரண்டு தடவை உட்கார்ந்தார். மாஸ்டர் உட்காரவில்லை. தான் உட்காரவில்லை என்பது அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. வெறுஞ்சுவர் மொட்டையாக நின்றது.

கம்பளியக்கா ஒவ்வொரு நடையையும் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. இது என்ன நியாயம் என்று வந்தது. இத்தனை நாள் இருமலுக்குக் காது கொடுத்துக் காத்திருந்தவளுக்கு, இருமல் இல்லை என்று ஊரறியக் காட்டியாகிவிட்டது. சந்தோஷமும் வந்தது, அதை அவள் மறைக்க விரும்பவில்லை.

பஞ்சர்காரரும் மனைவியும் போனதும் மாஸ்டர் கை கால் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உள்ளங்கால் தோல் தார் சூட்டில் உரிந்திருந்தது. அவள் எண்ணெய் எடுத்து வந்து தடவினாள்.

"போயிடலாம்" என்றார் அவர்.

"எங்க?"

"நம்ம வீட்டுக்கு. உன் தம்பி எனக்கும் போன் பண்ணான். வெள்ளிக்கிழமையே. நீ கேப்பே கேப்பேன்னு நானும் பாத்துட்டே இருக்கேன். நீ கேக்கல."

அவள் எண்ணெய் தடவுவதை நிறுத்தினாள்.

"எனக்குக் கண்ணு இல்லையா? நீ இங்க வந்து ஒரு நாள் ஒழுங்கா தூங்கினியா? உடம்பு பூரா வேர்க்குரு. அடுப்புல நீ வேகுறே, நான் கல்லாவுல உக்காந்து காத்து வாங்குறேன். இன்னைக்குக் கட்டில் மேல உன் முகத்தப் பாத்தேன். போதும். நான் பாட்டுக்கு நல்லா இருக்கணும்னு உன்னை எதுக்கு இங்க கட்டிப் போடணும்?"

"குளிர் வருமே."

"வரட்டும். கம்பளி இருக்கு, அடுப்பு இருக்கு. டாக்டர் சொல்றதெல்லாம் நடக்குதா? வர்றது வரட்டும்."

அப்போதுதான் போன் அடித்தது. தம்பிதான். மாஸ்டர் கை நீட்டி எடுத்தார்.

"சொல்லு மாப்ள… ஆமா, பேசிட்டோம். அவங்கள வேற வீடு பாத்துக்கச் சொல்லிடு. அடுப்பை இடிக்க வேண்டாம். நாங்க வந்துடறோம்."

அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கேட்கவும் இல்லை, அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை, அவராகவே தருகிறார். நாளைக்குப் பெட்டியை எடுக்கலாம். பல்லி இல்லை, எறும்பு இல்லை, பனி விழும், போர்த்திக்கொண்டு தூங்கலாம். தலையணைகளை அவர் முதுகுக்கு அடுக்கிவிட்டு, பக்கத்தில் விழித்துக்கொண்டு கிடக்கலாம்.

"ஒரு மாசத்துல கிளம்பிடுவோம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் போனைப் பிடுங்கினாள்.

"டேய், அவர் சொல்றதக் கேக்காத. வீட்டை அவங்களுக்கே குடுத்துடு."

"என்னக்கா, மாமா இப்பத்தான்…"

"மாமா அப்படித்தான் சொல்லுவாரு. இன்னைக்கு ரோட்டுல ஓடினாருடா."

"யாரு?"

"உன் மாமாதான். போகும்போதும் ஓடினாரு, வரும்போதும் ஓடினாரு. மூச்சு வாங்கல. இப்படி ஓடுற மனுஷனைக் கூட்டிட்டு வந்து அங்க உக்கார வச்சு, இழுக்குறத நான் பாத்துட்டு இருக்கணுமா? முடியாது. குடுத்துடு."

மாஸ்டர், "ஏ, இரு, குடு இங்க" என்று கையை நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடுப்பை இடிச்சிடுவாங்கக்கா" என்றான் தம்பி. "அப்புறம் வேணும்னா கிடைக்காது."

"தெரியும்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சு யோசிச்சுத்தான் தூக்கம் போச்சு. இடிக்கச் சொல்லு. ஆனா கல்லைக் குப்பையில கொட்டாம எங்கேயாவது பயன்படுத்தச் சொல்லு."

பிறகு தம்பி மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, உனக்கு அந்த ஊரு பிடிச்சிருக்கா?"

கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவில்லை. பக்கத்தில் அவர் எண்ணெய்க் காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலடா" என்றாள். "கொஞ்சமும் பிடிக்கல. இருக்கோம்."